ராணி மாலையைக் கழற்றிக் கொடுத்தாரா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொலம்பஸ் நாடகம் போடுகிறார்கள். கடல் பயணச் செலவுக்காக ஸ்பெயின் ராணி இசபெல்லா கழுத்து மாலையைக் கழற்றிக் கொலம்பஸ் கையில் கொடுப்பதுதான் முக்கியக் காட்சி. கவரிங் மாலைகூட வாங்கிவிட்டோம். அப்படி நடக்கவே இல்லை என்கிறார் சக ஆசிரியர். காட்சியை எடுத்துவிடவா? எடுத்தால் அங்கே என்ன வைப்பது?
– ஓர் ஆசிரியை

பதில்: எடுத்துவிடுங்கள். உங்கள் சக ஆசிரியர் சொல்வது சரி.

கொடுப்பதற்கு ராணியிடம் நகை இருந்தால்தானே! ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடாவோடு நடத்திய போரின் செலவுக்காக அவருடைய கிரீடமும் முக்கியமான நகைகளும் ஏற்கெனவே வலென்சியாவில் அடகில் இருந்தன. கிரனாடா 1492 ஜனவரி 2-ல் பணிந்தது. ஜெயித்தாயிற்று, ஆனால் கஜானாவில் ஒன்றும் மிச்சமில்லை. கொலம்பஸின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்கூட, நகையை அடகு வைக்கத் தயார் என்று ராணி சொன்னதாகவும், அதற்கு அவசியமில்லை என்று அதிகாரி ஒருவர் தடுத்ததாகவும்தான் வருகிறது. கைமாறிக் கைமாறி ‘தயார்’ என்பது ‘கொடுத்தார்’ ஆகிவிட்டது.

அந்த அதிகாரி லூயிஸ் தெ சாந்தாங்கெல். ராணியின் கணவர் அரசர் ஃபெர்டினான்டின் அரண்மனைக் கணக்குகளைப் பார்த்தவர். பயணச் செலவு மொத்தம் சுமார் 20 லட்சம் மராவெடி (அன்றைய ஸ்பெயின் நாணயம்). அதில் 11,40,000 மராவெடியைப் புரட்டிக் கொடுத்தது இவர் ஏற்பாடுதான். சாதாரண மாலுமிக்கு மாதச் சம்பளமே ஏறக்குறைய 1,000 மராவெடி என்றால் தொகையின் அளவு புரியும். அது தானமில்லை, கடன். பாவத்துக்கான தண்டனை குறையும் என்று சொல்லித் திருச்சபை பெயரில் விற்ற பாவமன்னிப்புச் சீட்டுப் பணத்தில் அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது. கொலம்பஸும் தன் பங்குக்குக் கடன் வாங்கிப் போட்டார்.

அப்படியானால் ராஜா ராணி கொடுத்தது என்ன? பெரும்பாலும் காகிதம். 1492 ஏப்ரல் 17-ல் கிரனாடாவுக்குப் பக்கத்திலுள்ள சாந்தா ஃபேயில் கொலம்பஸோடு போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள்: பெருங்கடலின் அட்மிரல் பட்டம், கண்டுபிடிக்கும் நாடுகளுக்கு வைஸ்ராய் பதவி, அங்கிருந்து வரும் செல்வத்தில் பத்தில் ஒரு பங்கு. வியாபாரக் கப்பல்களின் செலவில் எட்டில் ஒரு பங்கு போட்டால் லாபத்திலும் எட்டில் ஒன்று. கையில் இல்லாத ஊருக்கு எழுதிக் கொடுத்த பட்டா இது. கப்பல் திரும்பாவிட்டால் அரசுக்குப் பெரிய நஷ்டமில்லை. திரும்பி வந்ததால்தான் வம்பு. கொலம்பஸ் குடும்பம் இந்தப் பங்குக்காகப் பல ஆண்டுகள் அரசோடு வழக்காடியது.

உங்கள் நாடகத்துக்கு இதைவிட நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. 1492 மே 23, ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்தின் சான் ஹோர்ஹே தேவாலயம். ஊரார் கூடியிருக்க, அரச ஆணை வாசிக்கப்படுகிறது. முன்பு செய்த குற்றத்துக்குத் தண்டனையாக, இந்த ஊர் இரண்டு கேரவெல் கப்பல்களை (சிறிய பாய்மரக் கப்பல்கள்) 12 மாதத்துக்குச் சொந்தச் செலவில் தர வேண்டும், பத்து நாளுக்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்கிறது ஆணை. அரசு கொடுத்ததாகச் சொல்லும் மூன்று கப்பல்களில் இரண்டு, பின்டாவும் நீனாவும், இப்படி அபராதமாக வந்தவை. மூன்றாவதான சாந்தா மரியா, ஹுவான் தெ லா கோசாவிடம் வாடகைக்கு எடுத்தது.

சரி என்று தலையாட்டினார்களே தவிர, யாரும் கப்பலேற முன்வரவில்லை. வெளியூர்க்காரனை நம்பித் தெரியாத கடலுக்குப் போக யாருக்கு மனம் வரும்? வந்தால் குற்ற வழக்கு நிறுத்திவைக்கப்படும் என்றுகூட அறிவித்தார்கள். அதற்கு வந்தவர்கள் நான்கே பேர். உள்ளூர்க் கப்பல் தலைவர் மார்ட்டின் அலோன்சோ பின்சோன் ‘நானும் வருகிறேன்’ என்ற பிறகுதான் ஆள் சேர்ந்தது. பத்து நாள் கெடு பத்து வாரமாகி, ஆகஸ்ட் 3-ல் கிளம்பினார்கள்.

மேடைக்கு இதில் வேண்டியதெல்லாம் இருக்கிறது: ஆணை வாசிக்க ஒரு மாணவர், முணுமுணுக்க இருபது பேர், கடைசியில் எழுந்து நிற்கும் பின்சோன். வசனமில்லாத பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். வாங்கிய மாலையையும் வீணாக்க வேண்டாம். ராணியிடம் வேறு மாலை இல்லாமலா போயிருக்கும்? அதைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும், கழற்ற மட்டும் வேண்டாம்.