கெர்னல் மெமரி பேட்ச்சில் முதலில் எதைப் பார்ப்பது?
லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வரும் மெமரி பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, மீள்பார்வை செய்ய எங்கே தொடங்குவது என்று ஹட்டனிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நான் புதிய வரிகளை விட்டுவிட்டு, ஏதாவது தோற்றால் நிரல் போகும் தோல்வி வழியைத்தான் முதலில் வாசிப்பேன். மெமரி ஒதுக்கும் கேமல்லாக், இடம் கிடைக்காமல் நல் (வெற்று மதிப்பு) தந்தால் என்ன ஆகும்? மூன்று இடம் வாங்கி, நான்காவது கிடைக்காமல் திரும்பும்போது அந்த மூன்றும் விடுவிக்கப்படுகின்றனவா? நான் பிடித்த பிழைகளில் பாதி அங்கேதான்.

அப்புறம் பூட்டு. பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாத பூட்டு ஸ்பின்லாக். அதைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி_கெர்னல் என்ற கொடியோடு மெமரி கேட்டால் தவறு. மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் அந்த ஒதுக்கீடு தூங்கிக் காத்திருக்கும். ஜிஎஃப்பி_அட்டாமிக் தூங்காது, ஆனால் எளிதில் தோற்றுப்போகும். முடிந்தால் பூட்டுக்கு முன்பே ஒதுக்கிவிடுவது நல்லது.

மெமரிப் பக்கத்தைப் பிடித்துவைக்கும் ஒவ்வொரு கெட்_பேஜுக்கும் அதை விடும் ஒரு புட்_பேஜ் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பேர் கொடுத்தவர்களைப் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எண்ணிப் பார்ப்பதுபோல், பேப்பரில் கோடு போட்டு எண்ணுங்கள். புட் ஒன்று குறைந்தால் கசிவு. ஒன்று கூடினால் அதைவிட மோசம்: விடுவித்த பக்கத்தையே யாரோ தொட்டுக்கொண்டிருப்பார்கள். மழைக்குக் கரண்ட் போனாலும் இந்த வேலை நிற்காது.

கரண்ட் வந்ததும் மெமரிப் பிழைகளைக் காட்டும் கேஏசானைப் போட்டு, கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். ஃபெயில்ஸ்லாப்பையும் இயக்கினால் ஒதுக்கீடுகள் வேண்டுமென்றே தோற்கும். நீங்கள் வாசித்த தோல்வி வழி உண்மையிலேயே ஓடும்.