‘ஸ்டார் வார்ஸ்’ வென்ற விருதுகள்: கேள்வி பதில்

கேள்வி: 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பெற்ற ஆஸ்கர் விருதுகள் ஆறா, ஏழா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே.

பதில்: இரண்டு கணக்கும் சரிதான். 1978 ஏப்ரல் 3 அன்று நடந்த விழாவில் பத்துப் பிரிவுகளில் போட்டியிட்ட அப்படம், கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு, படத்தொகுப்பு, இசை, ஒலி, காட்சி விளைவுகள் ஆகிய ஆறில் வென்றது. ஏழாவது, போட்டி ஏதுமின்றி ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டுக்கு வழங்கப்பட்ட சிறப்புச் சாதனை விருது.

கேள்வி: ஒலிப்பதிவு பயிலும் மாணவி நான். ஒலிக்கென ஒரு விருது இருக்கும்போது பர்ட்டுக்குத் தனி விருது எதற்கு, ஐயா?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. ஒலிப் பிரிவின் விருது, வசனத்தையும் இசையையும் ஓசைகளையும் அளவறிந்து கலந்த நால்வருக்கு உரியது. பர்ட் செய்ததோ, உலகில் இல்லாத பொருள்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை. ஒளிவாளுக்காக, பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும், தொலைக்காட்சிப் படக்குழாயின் அருகே மைக்கைக் கொண்டுசென்றபோது எழுந்த இரைச்சலையும் அவர் கலந்தார். அந்தக் கலவையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னே இன்னொரு மைக்கை வாள்போல வீசிப் பதிவுசெய்ததால்தான், வாள் சுழலும்போது அந்த ரீங்காரம் ஏறி இறங்குகிறது. எதிரிகளின் டை விமானங்கள் சீறிப் பாயும் ஓசைக்குள் இருப்பது யானையின் பிளிறல். ஈரச் சாலையில் கார் விரையும் சத்தமும் அதனுடன் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: கணினி வரைகலை வளராத காலத்தில் காட்சி விளைவுகளுக்கு எப்படி விருது கிடைத்தது?

பதில்: விண்கல மாதிரியை நகர்த்தாமல், அதைச் சுற்றிக் கேமராவை நகர்த்தினார்கள். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு உருவாக்கிய ‘டைக்ஸ்ட்ராஃபிளெக்ஸ்’ கருவி, ஒரே அசைவை இம்மி பிசகாமல் எத்தனை முறையும் திரும்பச் செய்யக்கூடியதாக இருந்ததால், தனித்தனியே எடுத்த பல படச்சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த முடிந்தது. அந்தக் கருவிக்கென்றே டைக்ஸ்ட்ரா ஒரு தொழில்நுட்ப ஆஸ்கரையும் பெற்றார்.

கேள்வி: சிறந்த படத்துக்கான விருது ஏன் நழுவியது?

பதில்: சிறந்த படம், இயக்கம், மூலத் திரைக்கதை ஆகிய மூன்றையும் ‘ஆனி ஹால்’ எடுத்துக்கொண்டது. திரைக்கதையைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவு என்பதே என் கருத்து. ஒளிப்பதிவுக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ பரிந்துரைக்கப்படவே இல்லை.

கேள்வி: படத்தொகுப்பாளர்களுள் ஒருவரான மார்சியா லூகாஸ், இயக்குநரின் மனைவி என்பதால் இடம்பெற்றவரா?

பதில்: இல்லை. பால் ஹிர்ஷ், ரிச்சர்ட் சூ ஆகியோருடன் விருதைப் பகிர்ந்துகொண்ட அவர், ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்துக்காக அதற்கு முன்பே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். இறுதிப் போர்க்காட்சியின் படபடப்பில் அவருடைய கத்தரிக்குப் பெரும் பங்குண்டு. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸோ அன்றிரவு வெறுங்கையுடன்தான் திரும்பினார். 1992இல் அவருக்கு வந்த, தயாரிப்பாளர்களைக் கௌரவிக்கும் தால்பெர்க் நினைவு விருதும் போட்டியில் வென்றதல்ல.

கேள்வி: ஆஸ்கருக்கு வெளியே கிடைத்த அங்கீகாரம்?

பதில்: அறிவியல் புனைகதை வாசகர்கள் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருது 1978இல் கிடைத்தது. 1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 25 படங்களில் இதுவும் ஒன்று. அப்போது படத்துக்குப் பன்னிரண்டே வயது.