லைன்மேன் ஆகப்போகும் மகனைப் பற்றி ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் என்னைச் சிரிக்க வைத்தது, ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமியாரின் கேள்விதான். "பேரன் லைன்மேன் ஆகப்போகிறானா? அமெரிக்கா வந்தும் கம்பம் ஏறுகிற வேலையா?" அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை லைன்மேனை யாரும் நினைப்பதில்லை, விளக்கு அணைந்தால்தான் தேடுவார்கள். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் வரிசையில் நிற்கும் ஐந்து பேரின் கதையும் அதுதான். நடுவர் ஒலிபெருக்கியில் உங்கள் மகனுடைய எண்ணைச் சொன்னால், அவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

போன வருடம் டல்லாஸ் பக்கம் ஒரு பள்ளி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு தமிழ்த் தகப்பனார், கையில் பைனாகுலர். பந்து போன பக்கமெல்லாம் அவர் கழுத்தும் போயிற்று. "என் பையன் இரண்டு மணி நேரமாக ஒன்றுமே செய்யவில்லையே" என்றார். பந்தை விட்டுவிட்டு அவனுடைய கால்களை மட்டும் பாருங்கள் என்றேன். பையன் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கிறான். பந்து நகர்ந்ததும் பின்னுக்கு இரண்டு குட்டி எட்டு, கால்கள் குறுக்கே போகாமல். இடுப்பு தாழ்கிறது, இரண்டு உள்ளங்கைகளும் எதிராளியின் மார்பில். மூன்று நொடி. அந்த மூன்று நொடியில்தான் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்து கைதட்டல் வாங்கினான். தகப்பனார் பைனாகுலரைக் கீழே வைக்கவே இல்லை. நீங்களும் ஒருநாள் இப்படிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

பத்தாம் வகுப்பு, ஆறடி நான்கு அங்குலம், 265 பவுண்டு, கோச் "கல்லூரியில் ஆடலாம்" என்று சொல்லிவிட்டார், வீட்டில் இரண்டு கட்சி. நிலவரம் இதுதானே? முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த நாட்டில் பள்ளி அளவில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. மதிப்பீட்டின்படி அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அதன் கல்லூரி அணிகளில் இடம் கிடைக்கிறது. கல்லூரி முடித்தவர்களில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரை போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆகவே "லைன்மேன் தொழில்" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நான்கைந்து வருடப் பகுதிநேர வேலை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சம்பளம், பெரும்பாலானவர்களுக்கு, படிப்புச் செலவு.

அந்த வேலைக்கு விண்ணப்பம் இப்போதே, மதிப்பெண் பட்டியலில் தொடங்கிவிட்டது. என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 சராசரி வேண்டும். பல பெற்றோருக்குத் தெரியாத கண்ணி ஒன்று இதில் இருக்கிறது. அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். கடைசி வருடத்தில் திரும்ப எழுதி ஏற்றிக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. பள்ளி ஆலோசகரிடம் போய், அவன் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று இந்த மாதமே கேட்டுவிடுங்கள். கோச்சிடம் கேட்காதீர்கள், அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

"மூளை இருக்கிற பையன், முட்டி மோதுகிற ஆட்டத்தில் வீணாகிறான்" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஜான் அர்ஷல் கதையைச் சொல்லுங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லைன்மேனாக ஆடிக்கொண்டே கணிதத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்தவர். 2014இல் என்.எஃப்.எல்.லின் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை எடுத்தது. அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார், இன்று அங்கேயே கணிதம் கற்பிக்கிறார். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன் டுவர்னே-டார்டிஃப், என்.எஃப்.எல்.லில் கான்சஸ் சிட்டி அணிக்கு ஆடிக்கொண்டே 2018இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 2020இல் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றுவிட்டு, கொரோனா வந்ததும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனார், அடுத்த சீசனையும் விட்டுவிட்டார். எல்லாரும் இப்படி ஆவார்கள் என்று சொல்ல மாட்டேன், இருவரும் விதிவிலக்குகள். ஆனால் எதிரணி எப்படி நிற்கிறது என்று நொடியில் படித்து, ஐந்து பேரும் யார் யாரைத் தடுப்பது என்று பேசி மாற்றிக்கொள்ளும் இடம் அது. மந்த புத்திக்காரன் அங்கே நீடிக்க முடியாது.

ஆனாலும் அர்ஷல் கதையின் மறுபாதியை மறைத்தால் நான் ஆலோசகன் ஆக மாட்டேன். 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. இறந்துபோன ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பரிசோதித்ததில், என்.எஃப்.எல். ஆடிய 111 பேரில் 110 பேருக்கும், கல்லூரியோடு நின்ற 53 பேரில் 48 பேருக்கும், தலையில் தொடர்ந்து அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது. அறிகுறிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகளே அவற்றில் அதிகம் என்பதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அதே விகிதம் என்று பொருள்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த ஆய்வு வந்த இரண்டே நாளில் அர்ஷல் ஓய்வை அறிவித்தார். வயது 26. மயக்கம் வருகிற பெரிய அடி மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். லைன்மேனுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் சின்னச் சின்ன முட்டல்கள் ஏராளம். பள்ளிப் பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல் என்று கேளுங்கள். அதை மழுப்புகிற கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

எடை விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. "ஒரே மூச்சில் பதினான்கு இட்லி சாப்பிடுகிறான்" என்று பாதிப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிக்குப் போனால் அவனை 300 பவுண்டுக்கு ஏற்றுவார்கள், அங்கே அது வேலையின் பகுதி. விஸ்கான்சினில் படித்து கிளீவ்லண்ட் அணிக்காக 10,363 தொடர் ஸ்னாப்கள் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) ஆடிய லைன்மேன் ஜோ தாமஸ், ஓய்வு பெற்றதும் ஏறத்தாழ 50 பவுண்டு இறக்கினார். பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. இறக்கியவர் கெட்டிக்காரர். இறக்காதவர்களை ரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் பிடித்துக்கொள்கின்றன. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய்க்கு எடைகூடத் தேவையில்லை, வம்சமே போதும். உங்கள் மாமனாருக்கு முப்பத்தெட்டு வயதில் வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, "எடையை ஏற்ற ஆள் வைத்திருக்கிறீர்கள், ஆட்டம் முடிந்தபின் இறக்க யார் உதவுவார்கள்?" என்று நேராகக் கேளுங்கள். இங்கே கூச்சப்பட்டால் பின்னால் மருத்துவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே தங்கள் விளையாட்டு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம், அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதையெல்லாம் கேட்டு உங்கள் வீட்டில் கனவு ஓடுவது தெரிகிறது. பையன் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருக்கிறான். படிப்புக்கான உதவித்தொகை வாங்குவது வேறு, சம்பாதிப்பது வேறு. எச்-4 வைத்திருக்கும் பிள்ளைகள் வேலை செய்து சம்பாதிக்கக் கூடாது, 21 வயதில் அவர்களுக்கு அந்த விசாவே முடிந்துவிடும். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வாய்மொழியாகத் தரும் "இடம் உண்டு" என்ற உறுதியை இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையும் மறக்காதீர்கள். இப்போதெல்லாம் வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிப் பழுத்த பையனைக் கொண்டுவருவது, பதினெட்டு வயதுப் பிள்ளையை வளர்த்தெடுப்பதைவிடச் சுலபம் என்று கோச்கள் கணக்குப் போடுகிறார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் வருடம் முழங்கால் தசைநார் அறுந்து ஆட்டம் முடிந்துபோனால், இந்தக் கல்லூரியிலேயே படித்து முடிக்க அவனுக்கு மனம் இருக்குமா? இருக்கும் என்றால் சேர்க்கலாம். அங்கே போகும்போது நட்சத்திர ஆட்டக்காரனைப் பார்க்காதீர்கள். மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்காரும் லைன்மேனைத் தேடிப்பிடித்து என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். பொறியியல் ஆய்வகமும் மாலைப் பயிற்சியும் மோதினால் எது ஜெயிக்கும் என்று அவன் சொல்லிவிடுவான். பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம் என்று விதி இருக்கிறது, உண்மையில் எவ்வளவு என்பதும் அவனுக்குத்தான் தெரியும். ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் ஐவி லீகிலும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவிலும் ஆட்டத்துக்கென்று உதவித்தொகை கிடையாது என்பதால் நம்மவர்கள் அந்தக் கடிதங்களைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி அங்கே கணிசமாக இருக்கலாம், சேர்க்கையில் கோச்சின் சொல்லுக்கும் எடை உண்டு. கணிதத்தில் இவ்வளவு நன்றாக வருகிற பையனுக்கு நான் முதலில் அந்தக் கதவுகளைத்தான் தட்டுவேன்.

அடுத்த முறை என்னோடு பேசும்போது அவனுடைய மதிப்பெண் பட்டியலையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? ஐந்து பக்கக் கடிதத்தில் கோச் சொன்னது இருக்கிறது, உங்கள் கணவர் சொன்னது இருக்கிறது, மாமியார் சொன்னதுகூட இருக்கிறது. பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும். தமிழ் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.