இன்ஹேலரைக் கண்டு பயம், சிரப்பைக் கண்டு பயமில்லை!

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் பயிற்சி. சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்து வந்தாள். அடுத்த மாதம் தேசிய அளவிலான ஜூனியர் போட்டி. ‘இன்ஹேலர் ஊக்கமருந்து, சோதனையில் மாட்டிக்கொள்வாய்’ என்று கூட ஓடும் பிள்ளைகள் சொன்னதிலிருந்து அதைத் தொட மாட்டேன் என்கிறாள். இருமலுக்கு மெடிக்கலில் வாங்கிய சிரப்பைத்தான் கொடுக்கிறேன். போட்டிக்கு முன்னால் தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாமா என்றும் யோசிக்கிறோம். சரியா டாக்டர்?
- ஒரு தாய், சீவலப்பேரி

பதில்: அம்மா, உங்கள் மகள் நிறுத்தியிருப்பது அனுமதியுள்ள மருந்து. குடித்துக்கொண்டிருப்பது அநேகமாகத் தடைசெய்யப்பட்ட மருந்து. இன்றைக்கே அந்த சிரப் பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெர்புட்டலின், சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மூடி ஓரமாக வைத்துவிடுங்கள்.

‘இன்ஹேலரிலும் சால்பியூட்டமால்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ஒரு தடைப் பட்டியல் வெளியிடுகிறது. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இந்த வகை மருந்துகள் எல்லாமே அதில் இருக்கின்றன; போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் தடைதான். ஆனால் சிலவற்றை உறிஞ்சி எடுத்தால் மட்டும், ஓர் அளவுக்குள் விலக்கு உண்டு. சால்பியூட்டமாலுக்கு அந்த அளவு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் வரும் சாதாரண இன்ஹேலர் என்றால் 8 மணி நேரத்தில் 6 அழுத்து வரை. இதற்கு முன்அனுமதிகூட வாங்க வேண்டாம். அதே மருந்தைச் சிரப்பாகவோ மாத்திரையாகவோ விழுங்கினால் அளவு என்ற பேச்சே இல்லை, தடைதான். டெர்புட்டலினுக்கோ இன்ஹேலரில்கூட விலக்கு கிடையாது.

நம் ஊர் மெடிக்கலில் ‘சளி, இருமலுக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் புரோம்ஹெக்சின், குவாய்ஃபெனசின், டெர்புட்டலின் மூன்றும் கலந்த சிரப்தான். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண நோயாளிக்கு அது நல்ல மருந்து. வம்பு என்னவென்றால், ஒரே பிராண்டு பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் மருந்தும் மாறிவிடும். போன தடவை வாங்கியதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஆம்பிராக்சால், குவாய்ஃபெனசின் மட்டும் உள்ள சிரப், பாராசிட்டமால், செட்ரிசின் இவை பட்டியலில் இல்லை. வீட்டில் போடும் சுக்குக் கருப்பட்டிக் காப்பியும் தாராளமாகக் குடிக்கலாம்.

மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது போட்டிக் காலத்தில், சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆந்த்ரேயா ரதுகானுக்கும் உங்கள் மகள் வயதுதான், 16. அணியின் மருத்துவரே கொடுத்த சளி மாத்திரையில் இந்த மருந்து இருந்தது. தனிநபர் ஆல்-ரவுண்ட் தங்கம் பறிபோனது, மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை. ‘டாக்டர் கொடுத்தார், எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் தண்டனைக் காலம் குறையலாம், பதக்கம் திரும்பாது. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு விளையாடுபவரே பொறுப்பு என்பதுதான் விதி. எனக்கே இது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது.

குளுக்கோஸ் வேண்டவே வேண்டாம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது இங்கே பிரச்சினை இல்லை. 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தெம்புக்காகக் கிளினிக்கில் படுத்து அரை லிட்டர் ஏற்றிக்கொள்வது அதில் சேராது. ஓடப்போகிற பிள்ளைக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை. நல்ல சோறும் தூக்கமும் போதும்.

ஊசி விஷயத்திலும் கவனம். ‘ஒரு ஊசி போட்டா இளைப்பு சட்டுனு அடங்கிடும்’ என்று போடப்படுவது பல இடங்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை ஊசியாகவோ விழுங்கும் மாத்திரையாகவோ எடுப்பது போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். தசையில் போட்ட டெக்சாமெத்தசோன் உடம்பை விட்டு நீங்க 5 நாள், பிரெட்னிசலோன் மாத்திரைக்கு 3 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது வாடா. ஆனால் இளைப்புக்குத் தினமும் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலர், மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் தடையில்லை. உண்மையில் உங்கள் மகளுக்கு அதுதான் தேவைப்படலாம். சால்பியூட்டமாலை அடிக்கடி தேடும் நிலை இருந்தால் இளைப்பு கட்டுக்குள் இல்லை என்று பொருள். பிசான அறுவடைத் தூசியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது கூடும். உங்கள் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, போட்டிக்குப் போகிறாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் உள்ள மருந்துதான் வேண்டும் என்று அவர் முடிவு செய்தால் அதற்கும் வழி உண்டு. சிகிச்சைக்கான விலக்கு கேட்டு, நம் நாட்டில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு. உங்களுக்கு நாள் குறைவு, இந்த வாரமே பாருங்கள்.

கோச்சோ ஜிம்மிலோ டப்பாவில் பவுடர் கொடுத்தால் வாங்காதீர்கள். லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு உள்ளே கலந்திருந்து மாட்டியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லேபிளே இல்லாத சூரணம், லேகியத்துக்கும் இதே பேச்சுதான். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. என்ன சேர்த்தார்கள் என்று எழுதித் தராதவர்மேல்தான் குறை.

சோதனைக்குக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, மறுப்பதே பெரிய குற்றம். 18 வயது ஆகாததால் கூட ஒரு பெரியவர் போகலாம். மாதிரி எடுக்கும்போது உடன் நிற்பவர் பெண் அதிகாரியாகத்தான் இருப்பார். கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் கேட்பார்கள். இன்ஹேலரையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மைதானத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் நெபுலைசர் வைப்பார்கள். அதில் ஒரு தடவைக்குப் போகும் சால்பியூட்டமால் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். மேலே சொன்ன அளவைத் தாண்டிவிடும். அதற்காக ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு ஊசி தேவை என்றாலும் போடட்டும். அவசர சிகிச்சைக்குப் பிறகு விலக்கு கேட்க விதியில் இடம் இருக்கிறது. அன்றைய ஓ.பி. சீட்டு, கொடுத்த மருந்து, அளவு, நேரம், ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பதை எழுதி டாக்டரின் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு, அடுத்த நாளே நாடாவுக்கு அனுப்புங்கள்.