சிமெண்டில் மருந்து இருந்தால் ஊசி வேண்டாமா?

அம்மாவின் முழங்கால் மாற்று அறுவையில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமெண்ட் (செயற்கை மூட்டை எலும்போடு பிணைக்கும் பசை) வைக்கப்போவதால், ஆன்டிபயாடிக் ஊசியைத் தவிர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தவிர்க்காதீர்கள். தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துதான் முதல் காவல். சிமெண்ட் அதற்குத் துணை. அதிலிருந்து மருந்து மூட்டைச் சுற்றியே செறிவாகக் கசிகிறது, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. கசியும் மருந்தில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே வெளியேறிவிடும். கிருமிகள் செயற்கை மூட்டின் உலோகத்தில் படலமாக ஒட்டிக்கொண்டால் பிறகு அகற்றுவது பெரும்பாடு என்பதால், அந்த நாள்கள் முக்கியம். மருந்தை அளவுக்கு மீறிச் சேர்த்தால் சிமெண்டின் வலு குறையும்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. அறுவைக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.