கணக்கு வாத்தியார் பதில்கள்: பி.எஸ்சி. கணிதத்தில் அப்படி என்னதான் படிக்க வேண்டும்?

கல்லூரிகள் திறந்துவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி.எஸ்சி. கணிதத்தைப் பற்றித்தான். வேலைவாய்ப்பு, வட்டிக் கணக்கு, ஜாதகக் கணக்கு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

என் மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. அதில் கணக்கு 10 மணி நேரம்தான் இருக்கிறது. மீதியெல்லாம் தமிழ், இங்கிலீஷ், இயற்பியல் என்று போகிறது. கணக்குப் படிக்கத்தானே அனுப்பினோம்?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதறாதீர்கள் அம்மா. முதலாண்டு அநேகமாக எல்லா ஊரிலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டப்படிப்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பார்ட் இரண்டு ஆங்கிலம். பார்ட் மூன்றில்தான் உங்கள் மகளின் கணக்கும், அதற்குத் துணையாக வரும் அலைடு பாடமும் இருக்கின்றன. நாலில் சுற்றுச்சூழல், திறன் வளர்ப்பு மாதிரி சின்னச் சின்னத் தாள்கள். ஐந்து என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு. எல்லாம் சேர்ந்து ஆறு செமஸ்டரில் பொதுவாக 140 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) வர வேண்டும்.

தமிழுக்கு ஆறு மணி நேரம், ஆங்கிலத்துக்கு ஆறு, அலைடுக்கு நாலு, சின்னத் தாள்களுக்கு நாலு போனால் கணக்குக்குப் பத்துதான் மிஞ்சும். அந்தப் பத்தும் இரண்டு கோர் பேப்பருக்கு, ஆளுக்கு ஐந்து. இரண்டாம் ஆண்டும் ஏறக்குறைய இதே கதைதான். மூன்றாம் ஆண்டில் மொழிப் பாடங்கள் முடிந்துவிடும். அப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை கணக்குதான். "போதும்டா சாமி" என்று அவளே சொல்வாள்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வருடம் மெதுவாக நடந்து, மூன்றாம் வருடம் தலைதெறிக்க ஓட வைக்கிற ஏற்பாடு இது. அதைப் பற்றிக் கீழே ஒரு தம்பிக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அதையும் மகளிடம் படிக்கச் சொல்லுங்கள்.

*

கணித மாணவனுக்கு எதற்கு சார் இங்கிலீஷ் பேப்பர்? ராமானுஜன் இங்கிலீஷில் பெயில் ஆனவர்தானே?
– முதலாண்டு மாணவர், புதுக்கோட்டை

ஆமாம், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலத்துத் தேர்வு) தேறவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எந்த மொழியில்?

இன்னொன்று, தம்பி. அவரிடம் காட்டுவதற்கு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்; பார்ட் இரண்டைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு நடைமுறை விஷயம்: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதை பார்ட் மூன்று மதிப்பெண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் 45 எடுத்தாலும் கணக்கில் முதல் வகுப்பு வரலாம். ஆனால் அரியர் வைத்தால் பட்டமே நின்றுவிடும்.

*

சுற்றுச்சூழல் பேப்பரை எழுதாமல் விட்டுவிட்டேன். மற்ற எல்லாம் பாஸ். பட்டம் கிடைக்குமா?
– மூன்றாமாண்டு மாணவி, தென்காசி

கிடைக்காது. அது கல்லூரி தன் இஷ்டத்துக்கு வைத்த பேப்பர் இல்லை, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சுற்றுச்சூழல் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து வந்தது. நவம்பரில் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் படித்தால் போதும்.

*

அலைடு பாடமாக இயற்பியல் எடுப்பதா, புள்ளியியல் எடுப்பதா? எது சுலபம்?
– ஒரு மாணவர், கோவில்பட்டி

முதலில் உங்கள் கல்லூரியில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் எந்த டிபார்ட்மென்ட்டில் ஆள் இருக்கிறார்களோ அதுதான் அலைடு. நாங்கள் படிக்கும்போது இதை ஆன்சிலரி என்போம். பெயர் மாறியதே ஒழிய இந்த விதி மாறவில்லை.

இரண்டும் இருந்தால் என் ஓட்டு புள்ளியியலுக்கு. இயற்பியலில் பிராக்டிகல் உண்டு. டிராவலிங் மைக்ராஸ்கோப்பையும் சோனாமீட்டரையும் தொட்டுப் பார்க்கலாம், ரெக்கார்டு நோட்டில் படம் வரையலாம், மதிப்பெண்ணும் வரும். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்ஸ் தாளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் இன்றைக்குக் கணிதப் பட்டதாரியை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது டேட்டாவைக் கையாளத் தெரியுமா என்று. சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, நிகழ்தகவுப் பரவல் இவற்றைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துபோகாமல், கூடவே ஆர் அல்லது பைத்தான் என்கிற நிரல் மொழியைக் கற்றுக்கொண்டால் அந்த நாலு மணி நேரம் வீணாகாது. எது சுலபம் என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக நடத்துகிற ஆசிரியர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அது.

*

ஐந்தாம் செமஸ்டரில் ரியல் அனாலிசிஸ் வருகிறது. எங்கள் சீனியர்களில் பாதிப் பேருக்கு அதில் அரியர். இத்தனைக்கும் அவர்கள் கால்குலஸில் நல்ல மார்க் எடுத்தவர்கள். அந்தப் பேப்பரில் அப்படி என்ன இருக்கிறது? இப்போதே என்ன செய்யலாம்?
– இரண்டாமாண்டு மாணவர், மேலூர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி.

முதல் நாலு செமஸ்டரில் வருவது இயற்கணிதம், திரிகோணமிதி, வகையீடு, தொகையீடு, பகுமுறை வடிவியல், வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள். பெயர் பெரிதாக இருந்தாலும் இவை பிளஸ் டூ கணக்கின் தொடர்ச்சிதான். ஒரு மாதிரிக் கணக்கை வாத்தியார் போர்டில் போடுவார். அதே மாதிரி இருபது கணக்கு வீட்டில் போட்டால் தேறிவிடலாம். ரியல் அனாலிசிஸும் (கால்குலஸின் விதிகளை அடியிலிருந்து நிறுவும் பாடம்) அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் (குலம் போன்ற அமைப்புகளைப் பற்றிய பாடம்) வந்ததும் அந்த வித்தை செல்லாது. அங்கே "கண்டுபிடி" என்ற சொல் குறைந்து "நிறுவுக" என்ற சொல் வருகிறது. கையில் போடுவதற்குக் கணக்கு இல்லை. பையன்கள் திகைக்கிறார்கள். பிறகு தேற்றங்களைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம் செய்கிறார்கள்.

மனப்பாடம் செய்து பாஸ் பண்ணவும் முடியும், அதுதான் வேதனை. பழைய கேள்வித்தாளைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் 75 மார்க்கை இப்படித்தான் பிரிக்கிறார்கள்: இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. அந்தப் பத்து மார்க்கில் ஹைனே–போரெல் தேற்றம் தவறாமல் வரும். நெட்டுரு போட்டு எழுதியவனுக்கும் புரிந்து எழுதியவனுக்கும் ஒரே மார்க்தான். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில், நிறுவலின் நடுவில் ஒரு வரி விட்டுப்போய், அடுத்த வரியிலிருந்து தப்பே இல்லாமல் தொடர்கிற தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். புரிந்தவன் அந்த இடத்தில் தடுமாறுவான். இவன் தடுமாறவே மாட்டான்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தேற்றத்தைப் படித்ததும் அதன் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எங்கே உடைகிறது என்று தேடுங்கள். ஹைனே–போரெலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு முனைகளும் சேர்ந்த, எல்லைக்குட்பட்ட ஓர் இடைவெளியைத் திறந்த இடைவெளிகளால் எப்படி மூடினாலும், அவற்றில் முடிவுள்ள எண்ணிக்கையில் சிலவே மூடுவதற்குப் போதும் என்கிறது அது. முனைகளை எடுத்துவிடுவோம். 0க்கும் 1க்கும் இடையில் உள்ள எண்கள் மட்டும். 0 கிடையாது, 1 கிடையாது. இதை 1/2 முதல் 1 வரை, 1/3 முதல் 1 வரை, 1/4 முதல் 1 வரை என்று முடிவில்லாமல் போகும் திறந்த இடைவெளிகளால் மூடுங்கள். முழுதாக மூடிவிடும். அவற்றில் நூறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுங்கள். 0க்குப் பக்கத்தில் கொஞ்சம் எண்கள் வெளியே நிற்கும். ஆயிரம் வைத்துக்கொண்டாலும் நிற்கும். இதை ஒரு தாளில் நீங்களே வரைந்து பார்த்துவிட்டால், 'மூடிய' என்ற நிபந்தனையை ஏன் அந்தத் தேற்றம் கேட்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அல்ஜீப்ராவிலும் அப்படியே. குலம் என்பது சில விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு செயலோடு கூடிய உறுப்புகளின் கூட்டம்; அதற்குள் அடங்கிய சின்னக் குலம் உட்குலம். முடிவுள்ள குலத்தில், உட்குலத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்பது லக்ராஞ்சி தேற்றம். திருப்பிப் போட்டால் உண்மையா? வகுக்கிற எண்ணுக்கெல்லாம் ஓர் உட்குலம் இருக்குமா? இருக்காது. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைப்பவை) 12. அந்தப் பன்னிரண்டு அடங்கிய குலத்தில் ஆறு உறுப்புள்ள உட்குலம் கிடையாது. ஏன் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மல்லுக்கட்டுங்கள். கைடில் விடை இருக்கும், பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டு பேப்பர்தான் பி.எஸ்சி. கணிதம். மற்றவை அதற்கு முன்னால் வரும் பயிற்சி. அவற்றை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி வைத்திருப்பது எனக்குப் பிடித்தமில்லை. நான் பாடத்திட்டக் குழுவில் இருந்தபோது முதலாண்டிலேயே நிறுவல் முறைகளுக்கு ஒரு தாள் வேண்டும் என்று வாதாடினேன். "பசங்க ஓடிப்போயிடுவாங்க சார்" என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். எனவே நீங்களாகவே வரும் கோடை விடுமுறையில் ஆரம்பித்துவிடுங்கள். தொடர்வரிசைகள், ஒருங்கல் பகுதி மட்டும் போதும்.

*

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஆசை. எங்கள் கல்லூரிப் பாடத்திட்டம் அதற்குப் போதுமா?
– இரண்டாமாண்டு மாணவி, பெரியகுளம்

பாடங்கள் போதும் அம்மா, நேரம்தான் ஒத்துவராது. அதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். அப்போது நீங்கள் ஆறாம் செமஸ்டரில் பாதியில் இருப்பீர்கள். தேர்வில் ரியல் அனாலிசிஸ், குலங்கள், லீனியர் அல்ஜீப்ரா, பல மாறிக் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் கேட்பார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் லீனியர் அல்ஜீப்ரா அந்த ஆறாம் செமஸ்டரில்தான். அதாவது நடத்தி முடிப்பதற்குள் பரீட்சை போய்விடும். ஆகவே லீனியர் அல்ஜீப்ராவை இந்த வருடமே சொந்தமாகப் படியுங்கள். அணிகளைப் பெருக்குவதோடு நிற்காமல் வெக்டர் வெளி, அதன் பேசிஸ், பரிமாணம் வரை போங்கள். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் வரும், தவறவிடாதீர்கள்.

கோடையில் எம்.டி.டி.எஸ். என்று ஒரு கணிதப் பயிற்சி முகாம் நடக்கிறது. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்துவதை விடக் கேள்வி கேட்டே நகர்த்துவார்கள். கிடைத்தால் போய்வாருங்கள்.

உங்கள் தம்பி தங்கை யாராவது பிளஸ் டூவில் இருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டம் தருகிறது. தனி நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே அனாலிசிஸையும் அல்ஜீப்ராவையும் மூன்றாம் ஆண்டுவரை காக்க வைப்பதில்லை. நிரல் எழுதுவதையும் ஹாஸ்கெல் என்கிற, கணிதச் சார்புகளைப் போலவே எழுதும் மொழியில் தொடங்குகிறார்கள்.

*

அந்தக் காலத்து பி.ஏ. ஆனர்ஸ் கணிதத்துக்கு இன்றைய பி.எஸ்சி. ஈடாகுமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருவையாறு

ஐயா, நீங்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீன் இருந்தார்; அவரிடம் ஆனர்ஸ் படித்து சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன் போன்ற கணித அறிஞர்கள் வந்தார்கள். பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பாணியில் இருந்த காலத்தில், ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டியவர் அவர். பாடத்திட்டத்தில் இருந்ததால் அல்ல, இல்லாததையும் அவர் சொன்னதால். வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆனர்ஸ் வகுப்பையும், வீட்டில் முதல் பட்டதாரிகளாக வந்து அறுபது பேர் உட்காரும் இன்றைய வகுப்பையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனசில்லை.

*

பி.எஸ்சி. கணிதத்துக்கு விலை உயர்ந்த கால்குலேட்டர் வாங்க வேண்டுமா?
– ஒரு தந்தை, ஒட்டன்சத்திரம்

வேண்டாம். புள்ளியியலுக்கும் நியூமரிக்கல் மெத்தட்ஸுக்கும் சாதாரண சயின்டிபிக் கால்குலேட்டர் போதும். புரோகிராம் போடுகிற மாடல் வாங்கிக் கொடுத்தால் பரீட்சை ஹாலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மிச்சப் பணத்துக்கு வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுங்கள், நிறைய.