சம்பளம் நின்ற பிறகு போர்ட்ஃபோலியோ: முன்கூட்டியே ஓய்வு பெறுவோரின் கேள்விகள்

வயது 46. சில மாதங்களில் வேலையை விடுகிறேன். சேமிப்பில் 85% பங்கு ஃபண்டுகளில் இருக்கிறது. இனிச் சம்பளம் இல்லை என்பதால் மொத்தத்தையும் வைப்பு நிதிக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். இந்தப் பணம் உங்களுக்கு இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்க வேண்டும். பணவீக்கம் 6% என்று வைத்தால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும், 36 ஆண்டுகளில் எட்டு மடங்காகும். வரி போக மிஞ்சும் வட்டியை மட்டும் நம்பி அத்தனை தூரம் போக முடியாது.

அதற்காக 85 சதவீதத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கையில் 100 இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 5 எடுக்கிறீர்கள். சந்தை முதலாண்டு 30% விழுந்து, அடுத்த ஆண்டு 10%, அதற்கடுத்த ஆண்டு 30% ஏறினால் கடைசியில் மிஞ்சுவது 81.45. இதே மூன்று ஆண்டுகள் தலைகீழாக வந்து, வீழ்ச்சி கடைசியில் நடந்தால் 87.75 மிஞ்சும். பணம் எதுவும் எடுக்காதவருக்கு இரண்டு வரிசையிலும் 100.1தான். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு வித்தியாசம். குறைந்த விலையில் விற்ற யூனிட்கள், சந்தை திரும்ப ஏறும்போது உங்களிடம் இருக்காது. ஓய்வின் முதல் பத்து ஆண்டுகளைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்.

எனவே சதவீதத்திலிருந்து தொடங்காதீர்கள், செலவிலிருந்து தொடங்குங்கள். மூன்று ஆண்டுச் செலவை சேமிப்புக் கணக்கு, லிக்விட் ஃபண்ட் (மிகக் குறுகிய காலக் கடன்களில் முதலீடு செய்யும், எளிதில் பணமாக்கக்கூடிய ஃபண்ட்) போன்றவற்றில் வையுங்கள். அடுத்த ஏழு ஆண்டுச் செலவு தரமான, குறுகிய மற்றும் நடுத்தரக் காலக் கடன் பத்திரங்களில் இருக்கட்டும். மீதி பங்குகளில். ஆண்டுச் செலவைப்போல் 30 மடங்கு சேர்த்திருந்தால், பங்குகள் மூன்றில் இரண்டு பங்காக வந்து நிற்கும். இந்த மாற்றத்தைச் சம்பளம் வரும்போதே தொடங்குவது நல்லது. புதிதாகப் போடும் பணத்தையெல்லாம் கடன் பத்திரங்களுக்குத் திருப்பினால், விற்று வரி கட்ட வேண்டிய தொகை குறையும்.

ஆண்டுக்கு 4% எடுக்கலாம் என்கிறார்களே, 45 வயதில் ஓய்வு பெறுபவருக்கும் அது பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் சொன்ன கணக்கு அது. முதலாண்டு மொத்தத்தில் 4%, பிறகு ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டி எடுப்பது. அவர் பார்த்தது 1926 முதலான அமெரிக்கச் சந்தை விவரங்களை. சோதித்த கால அளவு 30 ஆண்டுகள். ஃபண்ட் கட்டணத்தை அதில் கழிக்கவில்லை. உங்களுக்கு வேண்டியதோ 45 ஆண்டுகள்.

3 முதல் 3.5% வரை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதாவது ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு போதாது, 29 முதல் 33 மடங்கு வரை வேண்டும். கட்டணத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஆண்டுக்கு 1% கட்டணம் வாங்கும் ஃபண்ட், நீங்கள் எடுக்கும் 3.5 சதவீதத்தில் கால் பங்குக்கும் மேலான தொகையைத் தானே எடுத்துக்கொள்கிறது. செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) மாறுவது, செய்யக்கூடிய திருத்தங்களிலேயே சுலபமானது.

வேலை பார்த்த கம்பெனியின் பங்குகளே என் சொத்தில் 40%. நல்ல கம்பெனிதான். வைத்திருக்கலாமா?

5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 2001-இல் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலானபோது, அதன் ஊழியர்கள் பலருடைய ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதி அதே கம்பெனிப் பங்குகளில்தான் இருந்தது. வேலையும் போய், சேமிப்பும் போயிற்று. வரிச்சுமை அதிகமானால் இரண்டு மூன்று வரி ஆண்டுகளாகப் பிரித்து விற்கலாம். விலை இன்னும் ஏறட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

பங்குகளை விற்காமல் டிவிடெண்டை மட்டும் வைத்து வாழ முடியாதா?

முடியலாம், ஆனால் அதற்காக டிவிடெண்ட் அதிகம் தரும் பங்குகளாகத் தேடி வாங்காதீர்கள். டிவிடெண்ட் கொடுக்கும்போது பங்கின் விலையில் அந்த அளவு குறைகிறது, கம்பெனியிலிருந்து பணம் வெளியே போகிறது அல்லவா? தவிர, நமக்குப் பணம் மிகவும் தேவைப்படும் நெருக்கடியில்தான் டிவிடெண்டையும் வெட்டுவார்கள். 2008-09-இலும் 2020-இலும் வங்கிகள் பல அதைத்தான் செய்தன.

கடன் பத்திர ஃபண்டுகள் பாதுகாப்பானவைதானே? நீண்ட காலப் பத்திரங்களில் வட்டி கூடுதலாக இருக்கிறதே.

ஃபண்டின் விவரத் தாளில் ‘டியூரேஷன்’ என்ற எண்ணைப் பாருங்கள். வட்டி விகித மாற்றம் ஃபண்டை எவ்வளவு பாதிக்கும் என்பதன் அளவு அது. அது 7 என்றால், வட்டி விகிதம் 1% ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறத்தாழ 7% இறங்கும். 2022-இல் பங்குகளோடு சேர்ந்து கடன் பத்திரங்களும் விழுந்ததை மறக்க வேண்டாம். மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு டியூரேஷன் மூன்றைத் தாண்டக் கூடாது.

ஓய்வூதியக் கணக்கில் நிறைய இருக்கிறது, ஆனால் 60 வயதுக்கு முன் எடுக்க முடியாது. இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

மொத்தச் சொத்தில் சேருங்கள், இடைக்காலச் செலவில் சேர்க்காதீர்கள். 60 வரைக்குமான செலவு முழுவதும் தொடக்கூடிய பணத்திலிருந்தே வர வேண்டும். எனவே பூட்டிய கணக்கில் பங்குகளைக் கூடுதலாகவும், வெளியே இருக்கும் பணத்தில் கடன் பத்திரங்களைக் கூடுதலாகவும் வைக்கலாம்.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டிலேயே சந்தை 25% விழுந்தால் என்ன செய்வது?

முதலில், பங்குகளை விற்பதை நிறுத்துங்கள். ரொக்கத்திலிருந்து செலவு செய்யுங்கள், அது தீர்ந்தால் கடன் பத்திரங்களிலிருந்து. அந்தப் பத்தாண்டுக் கையிருப்பு இதற்காகத்தான். அப்புறம், அந்த ஆண்டு பணவீக்கத்துக்கான உயர்வை விட்டுவிடுங்கள். பெரிய பயணம், புது வண்டி போன்றவற்றைத் தள்ளிப்போட்டு மொத்தச் செலவில் 10% குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் இரண்டு நாள் பகுதிநேர வேலை கிடைத்தாலும், அந்தச் சமயத்தில் அது பெரிய உதவி. சந்தை மீண்ட பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை ரீபேலன்ஸ் செய்யும் (எதில் எவ்வளவு என்பதைச் சரிசெய்யும்) நாளில் ரொக்கத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

கடன் பத்திரங்களை முதலில் செலவழிப்பதால் பங்குகளின் விகிதம் தானாகக் கூடிக்கொண்டே போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஓய்வுக் காலத்தில் பங்கு விகிதம் மெல்ல ஏறுவது பணம் தீர்ந்துபோகும் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று ஓய்வுக்கால நிதித் திட்டமிடல் ஆய்வாளர்களான வேட் ஃபாவும் மைக்கேல் கிட்சஸும் தங்கள் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.